எட்டாயிரம் என்று சொல்ல வேண்டும்

ஊசி போட்டாகிவிட்டது. போட்ட பிறகுதான் உறைத்தது, தொகையைச் சொல்லவில்லை. ஊசிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி டிக்கெட் விலையை ஏற்றுவது மாதிரி ஆகிவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்த மனிதரே இப்போது என் சேரில், கீழுதடு தொங்கிப்போய், கண்ணை இறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். ஆடிட்டர் நஞ்சுண்டன். பதிமூன்று வருஷமாக என் பல் ஆஸ்பத்திரியின் கணக்கைப் பார்ப்பவர். அறுபத்தாறு வயதாகிறது, ஊசியைக் கண்டால் மட்டும் ஆறு. காலையில் கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். வலப்பக்கம் கீழ்க் கடைவாய், ரூட் கேனல் பண்ணாமல் தீராது. ஜூலையிலேயே வலித்ததாம். ஜூலை ரிட்டர்ன் முடியட்டும், செப்டம்பர் ஆடிட் முடியட்டும், அக்டோபர் கெடு முடியட்டும் என்று உடுமலைப்பேட்டையில் இருக்கிற அத்தனை பேர் கணக்கையும் முடித்துவிட்டுத் தன் பல்லை நவம்பர் முப்பதுக்குக் கொண்டுவந்திருக்கிறார். "ஒரு போன் பண்ணிருந்தா மாத்திரையாச்சும் சொல்லிருப்பனுங்களே சார்" என்றேன். "நேரமில்லீங்கம்மிணி" என்றார். அவ்வளவுதான் பேசினோம். வலிக்கிற ஆளைக் கண்டால் என் கை முந்திக்கொள்கிறது, வாய் பின்தங்கிவிடுகிறது. எட்டாயிரம். ரூட் கேனலுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, மேலே போடும் கேப்புக்கு மூவாயிரத்து ஐந்நூறு, ஆக மொத்தம் எட்டாயிரம். அவரே போட்டுக் கொடுத்த விலை. சொல்ல இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியை விட்டுவிட்டு இனி முக்கால் மணி நேரம் அதையே மனசுக்குள் வைத்துக்கொண்டு அவர் பல்லைக் குடைய வேண்டும்.

இன்றைக்குள் ஒருவரிடமாவது முழுத் தொகையை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் துளசிமணியை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட கெடு, ஆரம்பித்து வைத்தவர் இவர். மாதம் பிறந்த அன்று ஒரு தாளோடு வந்தார். இந்தச் சேருக்குப் பக்கத்தில் இருக்கிற உருட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, அது நகர நகரக் காலை ஊன்றிக்கொண்டே வாசித்தார். வாடகை பதினாலாயிரம். கரண்ட் நாலாயிரத்து இருநூறு. சேருக்கும் எக்ஸ்ரே மெஷினுக்கும் வாங்கிய கடனில் தவணை பத்தொன்பதாயிரத்து அறுநூறு. மருந்து, பஞ்சு, பல் அடைக்கிற சிமெண்ட் வகையறா இருபத்திரண்டாயிரம். கேப் செய்து தரும் லேபுக்குப் பதினெட்டாயிரம். ஊசி, பஞ்சுக் கழிவு எடுத்துப்போகிற வண்டிக்கு ஆயிரத்து இருநூறு. துளசிமணி சம்பளம் பன்னிரண்டாயிரம். கூட்டினால் தொண்ணூற்றோராயிரம். வரவு எண்பத்தெட்டாயிரம். டாக்டர் பூங்கோதையின் சம்பளம் என்று ஒரு வரி எழுதி, அதற்கு நேரே தொகை எழுதாமல் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "மாசம் இருவத்தாறு நாளு, நாளைக்கு ஏழு மணி நேரம். வகுத்துப் பாருங்க. நீங்க கதவத் தொறந்து வெச்சா ஆளு வந்தாலும் வராட்டியும் மணிக்கு ஐந்நூறு ரூவா போகுதுங்க. சும்மா நின்னாலே ஐந்நூறு. ரெண்டாயிரத்துக்கு மூணு தடவ வரச்சொல்லி ரூட் கேனல் பண்ணி, மருந்து போட்டு, எக்ஸ்ரே எடுத்தா, பணத்தக் குடுத்து அனுப்புற மாதிரிங்க" என்றார். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் துளசிமணி இருந்ததால் பிறகு குரலை இறக்கினார். "பேங்க்ல முப்பத்தெட்டாயிரம் கெடக்குது. வீட்டுச் செலவுக்கு நீங்க எடுக்கறதும் போனா மூணு மாசம் தாட்டலாம். ஒண்ணு, தொகைய வாயத் தொறந்து சொல்லோணும். இல்லாட்டி துளசிமணிய நிறுத்தோணும். நடுவால வேற வழியில்லீங்கம்மிணி." எனக்குக் கோபம் வந்தது. கணக்குப் போடுகிறவருக்கு ஆள் எல்லாம் எண்ணாகத்தான் தெரியும் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அவருடைய கண்ணாடி பனித்துப்போயிருந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

"மூக்குல மூச்சு விடுங்க சார். வாயில விட்டீங்கன்னா பல்லுப் பாக்குற கண்ணாடில ஆவி படியுமுங்க, அக்காவுக்குத் தெரியாது." துளசிமணி. ஆடிட்டர் என்றாலும் கலெக்டர் என்றாலும் அவளுக்கு ஒன்றுதான், வாயைத் திறந்து படுத்துவிட்டால் அவள் சொன்னதைக் கேட்க வேண்டும். சேருக்கு அந்தப் பக்கம் சக்‌ஷன் குழாயோடு நிற்கிறாள். நான் டிரில்லை வைக்கிறேன், பல் பொடியும் தண்ணீரும் தெறிக்கிறது, அது நாக்கின் அடியில் தேங்குவதற்கு முன்னால் குழாய் அங்கே போய்விடுகிறது. நான் கண்ணாடியை இடப்பக்கம் சாய்க்க நினைத்தால் அவள் கன்னத்தை ஏற்கனவே விலக்கியிருக்கிறாள். பதினாலு வருஷம். எனக்கு மூன்று கை என்றுதான் நான் பல காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், மூன்றாவது கைக்குச் சம்பளம் என்று ஒரு வரி இருப்பதே அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வேலைக்கு வந்த முதல் வாரம் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள். பல் பிடுங்க வந்த பேஷண்ட் எழுந்து அவளுக்குத் தண்ணீர் தெளித்தார். இப்போது ஞானப்பல் எடுக்கும்போது எனக்குக் கை ஓய்ந்தால் "நிதானமாப் பண்ணுங்க்கா, வந்துரும்" என்று எனக்கே தைரியம் சொல்கிறாள். அவளிடம் என்னவென்று சொல்வது? நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. "துளசி, கொஞ்ச நாளைக்கு." பொய். கொஞ்ச நாள் என்று ஒன்று கிடையாது. "துளசி, உனக்கு வேற இடத்துல நானே பேசி விடறேன்." எங்கே பேசுவேன்? "துளசி, ஆடிட்டர் சொல்றாரு." இது எல்லாவற்றிலும் கேவலம், அவர் தலையில் போட்டுவிட்டு நான் நல்லவளாக இருப்பது. அவள் என்ன சொல்வாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். "சரிங்க்கா" என்பாள். டிரேயைக் கழுவி வைத்துவிட்டு, மெஷினை மூடி வைத்துவிட்டு, வழக்கமாகப் போகிற ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குப் போவாள்.

இந்த மாதம் பத்துப் பேருக்கு ரூட் கேனல் பண்ணினேன். பத்திலும் தோற்றேன். சும்மா தோற்கவில்லை, வகைவகையாகத் தோற்றேன். முதலில் வந்தவர் கறிக்கடைக்காரர். சொல்லத்தான் வாயெடுத்தேன், அவர் "உங்களப் பத்தித் தெரியாதுங்களா டாக்டரம்மா, நாயமாத்தான் வாங்குவீங்கன்னு ஊரே சொல்லுது" என்றார். நியாயமான ஆளாகிவிட்ட பிறகு எட்டாயிரத்தை எப்படிச் சொல்வது? ஆயிரத்து எண்ணூறு கொடுத்தார், மறுநாள் ஒரு கிலோ கறியை வீட்டுக்கே அனுப்பினார். நாங்கள் சைவம். என் கணவர் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, "இத எந்தக் கணக்குல எழுதறது, கேட்டு வெய்யி" என்று சிரித்தார். அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பெண். மண்டபத்துக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, பியூட்டி பார்லருக்கு எவ்வளவு என்று அவள் அம்மா அரை மணி நேரம் ரூபாய் சுத்தமாக ஒப்பித்தாள். முகத்துக்குப் பூச பதினெட்டாயிரம். சரி, இவளிடம் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அந்தப் பெண் "வலியே தெரியலீங்க டாக்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், "பார்த்துக் குடுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. பார்த்துக் குடுங்க. இந்த இரண்டு சொல்லும் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிறது, நான் கூப்பிடாமலே வருகிறது. எவ்வளவு டாக்டர் என்று கேட்ட மறுகணம் என் பார்வை சுவரில் இருக்கிற பல் படத்துக்குப் போய்விடும், கை டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பிக்கும், காதில் சூடு ஏறும். பார்த்துக் குடுங்க. அவர்களும் பார்க்கிறார்கள். என் வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறார்கள், ஃபேனைப் பார்க்கிறார்கள், துளசியைப் பார்க்கிறார்கள், துளசி ரசீதுப் புத்தகத்தைப் பார்க்கிறாள். ஆயிரத்து ஐந்நூறு. ரெண்டாயிரம். ஒருவர் ரெண்டாயிரத்து ஒன்று வைத்தார், மொய் மாதிரி. ஆடிட்டர் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் சிரித்துவிட்டார், அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"வலிக்குதுங்களா சார்? வலிச்சா இடது கையத் தூக்குங்க." தூக்கவில்லை. வலது கையால் பெருவிரலைக் காட்டுகிறார். பல் திறந்துவிட்டது, உள்ளே சீழ் கட்டி எத்தனை நாளாயிற்றோ, வாடை அடிக்கிறது. பாவம், இதை வைத்துக்கொண்டா அத்தனை பேருக்கும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்? பணம் கேட்க வாய் வராமல் ஏனோ எனக்கு மட்டும் இப்படி என்று முன்னெல்லாம் நினைப்பேன். அம்மாவிடமிருந்து வந்தது என்று இப்போது தெரியும், அம்மா கொடுத்ததல்ல, அம்மாவுக்காக நான் வாங்கிக்கொண்டது. அம்மா போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜெண்ட். மாதாமாதம் முதல் வாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்புப் பணத்தை வாங்கி, அட்டையில் எழுதிக் கொடுத்து, போஸ்ட் ஆபீசில் கட்ட வேண்டும். அவளுக்குக் கால் வீங்குகிற மாதங்களில் தளி ரோட்டு வீடுகளுக்கு நான் போவேன். பதினோரு வயது. கேட்டுக்கு வெளியே நின்று "ஆர்.டி. பணமுங்க" என்று கூப்பிட வேண்டும். ஒரு வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மாள் யாரிடமோ, "வந்துருச்சு பாரு காசு கேட்டுட்டு" என்றாள். அப்புறம் வெளியே வந்து சிரித்த முகமாகத்தான் பணம் கொடுத்தாள், ஒரு முறுக்கும் கொடுத்தாள். நான் அந்த முறுக்கை மதகில் போட்டுவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லவே இல்லை. இத்தனைக்கும் அது அவர்களுடைய பணம், அவர்கள் பேரில்தான் சேர்ந்தது, ஐந்து வருஷம் கழித்து வட்டியோடு அவர்களே வாங்கிக்கொள்ளப் போகிற பணம். அதைக் கேட்டதற்கே அப்படி. அன்றைக்கு என் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. எத்தனையோ பேருக்கு அடைப்பை எடுத்துவிட்டேன், இதை எடுக்க எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது, நாற்பத்தைந்து வயதுப் பொம்பளைக்கு முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய முறுக்கு.

வேரின் நீளம் காட்டும் கருவி பீப் பீப் என்கிறது, மெதுவாக, பிறகு வேகமாக. இருபத்தொன்றரை மில்லி. இரண்டாவது வேர் இருபது. துளசி நான் சொல்லாமலே எழுதிக்கொள்கிறாள். மூன்றாவது எங்கே ஒளிந்திருக்கிறது? கொஞ்சம் வளைந்திருக்கிறது, இரு, அவசரப்படாதே. கை இந்த வேலையைத் தானாகச் செய்யும்போது மனசு அந்தத் தாளைத்தான் மறுபடி மறுபடி வாசிக்கிறது, ஒரு மாதமாக இதே பிழைப்பு, வாடகை, கரண்ட், தவணை, மருந்து, லேப், கழிவு, துளசி. எங்கேயாவது பன்னிரண்டாயிரம் வேறு பெயரில் ஒளிந்திருக்காதா என்று தேடுவேன். மருந்தில் கைவைக்க முடியாது. லேபை மாற்றலாம், மட்டமான கேப் வரும், ஒரு வருஷத்தில் உடையும். தாளின் அடியில் வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைத் தனியாக எழுதியிருந்தார், சின்ன எழுத்தில். லைசென்ஸ் புதுப்பிக்க. எக்ஸ்ரே மெஷின் சோதனைக்கு. கம்ப்ரஸர் சர்வீஸ். ஆடிட் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. கம்ப்ரஸருக்கு நாலாயிரம் அதிகமோ என்று யோசித்துத் தாண்டிப் போனவள் திரும்பி வந்தேன். ஆடிட் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. வருஷத்துக்கு. இந்த வரியை எத்தனை தடவை வாசித்திருப்பேன்! குறைக்க எதுவும் இல்லாத வரி என்பதால் கண் நிற்கவே இல்லை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் தடவை கணக்கு முடித்துக் கொடுத்தபோது, "எவ்வளவுங்க சார்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்துக் குடுங்கம்மிணி" என்றார். நானும் பார்த்தேன். ஒரு கவரில் ஆயிரத்து ஐந்நூறு வைத்துக் கொடுத்தேன், ஆயிரம் போதாதோ என்று ஐந்நூறு சேர்த்து, தாராளமாகக் கொடுத்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். அதற்கப்புறம் வருஷா வருஷம் அதே கவர், அதே தொகை. போன வருஷம் பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் தன் ஆடிட்டருக்கு ஒன்பதாயிரம் கொடுத்ததாகப் புலம்பினார். நான் "அடேயப்பா" என்றேன். அடேயப்பா என்று சொல்லிவிட்டு வந்து, தூங்கியும் விட்டேன். ஒரு நாளாவது எனக்கு உறுத்தவில்லையே!

கை நின்றுவிட்டது. துளசி என்னைப் பார்க்கிறாள். "என்னாச்சுங்க்கா?" "ஒண்ணுமில்ல, தண்ணி குடு." மருந்துத் தண்ணீர் உள்ளே போய் நுரைத்து வருகிறது. நான் அவரை ஏமாற்றவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. அவர் மேல் எனக்குக் கொள்ளை மரியாதை, அவர் படியேறி வந்தால் எழுந்து நிற்பேன். அவர் தொகையைச் சொல்லவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை, தெரியாததால் மனசும் உறுத்தவில்லை. அவ்வளவுதானே? அப்படியானால் கறிக்கடைக்காரரும் அவ்வளவுதானே, அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவும் அவ்வளவுதானே. அவர்கள் யாரும் என்னைக் கேலியாகப் பார்க்கவில்லை, ஜன்னலுக்குப் பின்னால் யாரும் எதுவும் சொல்லவில்லை. தெரியாமல் ஒரு தொகையை வைத்துவிட்டு, தாராளமாகக் கொடுத்தோம் என்று நிம்மதியாகப் போயிருக்கிறார்கள். நான் சொல்லாமல் விட்டதை நல்ல குணம் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டேன். அந்த நல்ல குணத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் துளசி கொடுக்கப் போகிறாள், அதுவும் தெரியாமலே. இந்த மனிதரோ, ஊருக்கெல்லாம் வாயைத் திறந்து தொகையைச் சொல் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, தன் விலையைத் தன் வாயால் சொல்ல வராமல், அதைச் சின்ன எழுத்தில் எழுதித் தாளுக்கு அடியில் வைத்திருக்கிறார். எழுதும்போது கூச்சமாக இருந்திருக்காதா? சார், சார், நீங்களுமா? எனக்கு அவரைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. கையுறையில் ரத்தம், அதனால் விட்டேன்.

சரி, இப்போதாவது சொல்வது சுலபமாகிவிட்டதா என்றால், இல்லை, இன்னும் மோசம். பதிமூன்று வருஷம் ஒன்பதாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தவள், அவரிடமே எட்டாயிரம் கேட்பதா? என் நாக்கு புரளுமா? மனசு உடனே ஒரு வழி கண்டுபிடிக்கிறது, இந்த மாதிரி வழி கண்டுபிடிப்பதில் என் மனசு கெட்டிக்காரி. இந்தப் பல்லுக்கு ஒன்றும் வாங்காதே, அதற்கு இது சரியாகப் போயிற்று, இருவருக்கும் கௌரவம், ஒருவரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது! கேட்கவே சுகமாக இருக்கிறது. பத்துப் பேரிடமும் இதே சுகத்தைத்தானே வாங்கினேன். பதினோராவது ஆளும் போனால் சாயங்காலம் துளசியின் எதிரில் நான் நிற்க வேண்டும். இன்னொருவர் வருவார், நாளைக்குச் சொல்லலாம், டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அவருக்கு நான் கொடுக்க வேண்டியது தனி, அவர் எனக்குக் கொடுக்க வேண்டியது தனி. இரண்டையும் ஒரே டிராயரில் போட்டுக் குழப்பாதீர்கள் என்று வீட்டுக்கு ஒரு பர்ஸ், ஆஸ்பத்திரிக்கு ஒரு பர்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். மல்லித்தழைக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. மூன்றாவது வேர் கிடைத்துவிட்டது. பீப் பீப் பீப். பத்தொன்பதரை. மருந்தை வைத்தேன், மேலே தற்காலிக சிமெண்டை வைத்து அழுத்தினேன். உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தேன். மாஸ்க் நல்லதாய்ப் போயிற்று. எட்டாயிரம். எ, ட்டா, யி, ரம். பல் பிடுங்குவதற்குக் கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

சேரை நிமிர்த்தினேன். கொப்பளித்தார், மரத்த பக்கம் தண்ணீர் வழிந்தது, துளசி துடைத்துவிட்டாள். "காப்பி சூடா குடிச்சறாதீங்க சார், உதட்டக் கடிச்சுக்குவீங்க." அவர் எழுந்து செருப்பைத் தேடி மாட்டினார், சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார்.

"எவ்வளவுங்கம்மிணி?"

சுவரில் பல் படம். அதைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் தொங்கி, கண்ணாடி கோணலாக. என் வாய் பழக்கத்தில் "பா" என்று குவிந்தது, நான் அதை மூடினேன். மாஸ்க்கைக் கழற்றினேன்.

"எட்டாயிரமுங்க சார்."

என் குரலா அது? ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் கூடத் திரும்பியிருப்பார்கள். "கேப்போட சேத்துங்க. இன்னிக்கு நாலாயிரம் குடுங்க, கேப் போடறன்னிக்கு மீதி. ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லிருக்கோணும், மறந்துட்டனுங்க."

அவர் பர்ஸைப் பிடித்தபடி நின்றார். "கொஞ்சம் கொறச்சுக்க முடியாதுங்களா?" சொற்கள் குழறித்தான் வந்தன. விளையாட்டா, சோதனையா, இல்லை நிஜமாகவேதான் கேட்கிறாரா, அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பாதி முகத்துக்கு உணர்ச்சியே கிடையாது.

"முடியாதுங்க சார்."

நல்ல பாதி சிரித்தது. எட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி மேசையில் வைத்தார், இன்னொரு தடவையும் எண்ணினார், அது தொழில் பழக்கம். வாங்கி டிராயரில் வைத்துவிட்டு நான் கேட்டேன். "இப்ப உங்களுது சொல்லுங்க. ஆடிட்டுக்கு எவ்வளவுங்க?"

"அது என்னத்துக்குங்க இப்ப? எப்பவும் போல..."

"எப்பவும் போல இல்லீங்க சார். தொகையச் சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். ஃபேனைப் பார்த்தார். அந்த வேதனை எனக்கு எத்தனை பழக்கம்! "வாயி மரத்துக் கெடக்குதுங்கம்மிணி. பேச வரல" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தார். "மரப்பு ரெண்டு மணிக்குத் தெளிஞ்சுருமுங்க. ரெண்டரைக்கு நான் போன் பண்றேன்" என்றேன். அவர் கையை மட்டும் பின்னால் ஆட்டிக்கொண்டே போனார். ரெண்டரைக்குப் பண்ணுவேன். மூன்று மணிக்கும் பண்ணுவேன். அவர் சொல்கிறவரை விடப்போவதில்லை.

திரும்பினால் துளசி டிரேயைக் கழுவவில்லை. நான் சேரைத் துடைத்தேன், அது அவளுடைய வேலை. அவள் மேசையருகே ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, நாலாயிரம் என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதி, அவர் அடுத்த தடவை வரும்போது கொடுக்க மடித்து வைத்தாள். பேனாவை மூடவில்லை. மருந்துக் கடைக்கு மாதாமாதம் அனுப்புகிற ஆர்டர் தாள் அவள் கைக்கடியில் இருந்தது. சிமெண்ட், பஞ்சு, ஊசி, கையுறை மீடியம் நாலு பெட்டி. எல்லாம் காலையிலேயே எழுதி முடித்து, கடைசியில் ஒரு வரி இடம் விட்டிருந்தாள்.

"ஏனுங்க்கா," என்றாள், தலை நிமிராமல். "அப்படீன்னா ஸ்மால் சைஸ் கிளவுசும் ரெண்டு பெட்டி சொல்லீரட்டுங்களா?"

மீடியம் என் கைக்கு. ஸ்மால் சைஸ் போடுகிறவர் இந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஆள்தான். ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது அவளுக்கு. இந்தத் தடுப்புப் பலகை அரை இஞ்சு கனம்கூட இல்லை, அன்றைக்கு ஆடிட்டர் சொன்னது அத்தனையும் கேட்டிருக்கும். தெரிந்துகொண்டே அந்தப் பத்துப் பேருக்கும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றபோது எதிரில் சக்‌ஷனோடு நின்றிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சொல்லு துளசி" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அவள் எழுதி முடிக்கிறவரை நின்றுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட நானே கதவைத் திறந்தேன்.